பலகை மறைப்பிலிருந்த என் படத்தை நான் அறுத்தது குறித்து

என் பெயர் பிரீத்தா, வயது 33, தந்தை பெயர் ஞானசீலன். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம். இப்போது ஜெர்சி சிட்டியில் ஆறு வயது மகள் ஜாயுடன் வசிக்கிறேன். வீட்டு முகவரியை இந்தத் தாளில் எழுத வேண்டாம் என்று கேட்டதால், இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் அதிகாரி அதைத் தனித்தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டினார்.

இரண்டு வருடங்களுக்கு முன் டெக்சாஸ் இர்விங்கில் என் கணவர் ரெனிஷ் வீட்டிலிருந்து மகளுடன் வெளியேறினேன். அவர் எங்களை நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு உள்ளது. நாங்கள் இருக்கும் ஊர் இந்த மே மாதம் வரை அவருக்குத் தெரியாது.

கடந்த மார்ச்சில் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் புகைப்படக் கலைஞர் ஓவியா, இந்தத் தெருவில் வசிப்பவர்களைப் படம் எடுக்கிறேன் என்று என்னையும் எடுத்தார். சிறிய கண்காட்சி என்று நினைத்து, சம்மதத் தாளைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். அதன் பிறகு மே 4ஆம் தேதி காலை மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகையில், ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், புதுக் கட்டடத்தைச் சுற்றி அடித்திருந்த பலகை மறைப்பில் என் முகம் ஆள் உயரத்துக்கு மேல் ஃபிளெக்ஸாக ஒட்டியிருந்தது. கீழே என் பெயரும் இருந்தது. மகள் கைதட்டி, "மம்மி, தட்ஸ் யூ!" என்று கத்தினாள். நான் அவள் தொப்பியை முகம் மறைய இழுத்துவிட்டேன்.

அதன் பிறகு அனுமதி தரும் அலுவலகத்துக்குப் போனேன். கட்டட மறைப்பில் வைக்கும் கலைப்படங்கள் ஒப்புதல் பெற்றபடியே இருக்க வேண்டும், ஒன்றை எடுப்பதானாலும் குழு கூட வேண்டும், குழு 20ஆம் தேதி கூடும் என்றார்கள். ஓவியாவிடம் சொன்னதும் அழுதுவிட்டார். "அக்கா, உங்க சிச்சுவேஷன் எனக்குத் தெரியாது. நானா கழட்டினா மொத்த பெர்மிட்டும் கேன்சல் ஆயிடும். எமர்ஜென்சின்னு ரிக்வெஸ்ட் போட்டிருக்கேன்" என்றார்.

7ஆம் தேதி காலை ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். "மக்களே, ஒனக்க படத்த எடத்தோட ஆரோ ரெனிஷுக்கு அனுப்பியிருக்காவ. கெளம்பியாச்சுன்னு எனக்கு போன் பண்ணி சொன்னான்" என்றார். அதன் பிறகு நான் பள்ளி அலுவலகத்தில் உத்தரவின் நகலைக் கொடுத்து, ஜாயை என்னைத் தவிர யாரிடமும் அனுப்பக் கூடாது என்று சொல்லி அவளை அங்கே விட்டுவிட்டு, அவர் வருமுன் என் முகமும் பெயரும் தெருவில் இருக்கக் கூடாது என்று அட்டைப்பெட்டி வெட்டும் கத்தியுடன் போய்ப் படத்தை அறுத்தேன். பெயரையும் வாயையும் அறுத்தேன். கண்களுக்குக் கை எட்டவில்லை. காவலாளி இவான் வந்து பிடித்தார். நான் ஓடவில்லை. உத்தரவைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு என்னை மறைப்புக்கு உள்பக்கம் உட்காரவைத்து, போலீஸுக்குத் தகவல் சொன்னார்.

சுமார் பத்தேகாலுக்கு வெளியே ரெனிஷின் குரல் கேட்டது. பலகையில் வழிப்போக்கர்கள் கட்டட வேலையை வேடிக்கை பார்க்க விட்டிருந்த துவாரம் வழியாகப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் நின்று, படத்தைக் காட்டி, இவள் என் மனைவி, மனநிலை சரியில்லாதவள், குழந்தையோடு காணாமல் போய்விட்டாள் என்று இவானிடம் பணிவாகச் சொன்னார். பார்த்ததில்லை என்றார் இவான். மூச்சுச் சத்தம் கேட்டுவிடும் என்று ஜாக்கெட் கையை வாயில் திணித்துக்கொண்டேன். அப்போது போலீஸ் கார் வந்தது. ரெனிஷே கைகாட்டி நிறுத்தினார். இவான் என்னிடம் வாங்கி வைத்திருந்த உத்தரவை அதிகாரியிடம் கொடுத்தார். ரெனிஷுக்கு விலங்கு மாட்டியபோது அவர் பலகையைப் பார்த்து, "பிரீத்தா, ஜாய் எந்த ஸ்கூல்?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

அதன் பிறகு அதிகாரி என்னிடம், அவர் வந்த வாடகைக் காரின் பின்னால் குழந்தைகள் உட்காரும் இருக்கை ஒன்று புதிதாகப் பொருத்தியிருந்தது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை என்று கூறினார்.

படத்தை அறுத்தது நான்தான். யாரும் தூண்டவில்லை. மொழிபெயர்ப்பாளர் ருக்மிணி இதைத் தமிழில் படித்துக்காட்ட, கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) பிரீத்தா