விரிப்பின் மறுமுனை

தலைமை இருக்கையில் அமர்ந்தும் கைக்கடிகாரத்தை ஒருமுறைகூடப் பார்க்காத பெருந்தன்மை கொண்ட தலைவர் அவர்களே! என்னை அறிமுகம் செய்தபோது என் வயதைக் குறைத்தும் புகழைக் கூட்டியும் சொன்ன நூலகர் அய்யா அவர்களே! நரைத்த தலையும் நிமிர்ந்த முதுகுமாய் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே ஒரு காதை எனக்குக் கொடுத்திருக்கும் தாய்மார்களே! இருக்கை கிடைக்காமல் சுவரோடு சுவராய் நிற்கும் தம்பிகளே, தங்கைகளே! என் குரல் கீச்சிடாமல் காத்துக்கொண்டிருக்கும் ஒலிபெருக்கி அண்ணனே! வேலை முடிந்த கையோடு, நீலச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருக்கும் என் சலவைக்கூடத்துச் சகோதரிகளே! உங்கள் அத்தனை பேருக்கும் தலை தாழ்த்தி என் வணக்கத்தைத் தருகிறேன்.

“தனித்து இயங்கும் ஓர் இசைக்கலைஞரின் பாடல் எப்படிப் பிறக்கிறது?” இது எனக்குத் தந்த தலைப்பு. எங்கிருந்து எழுகிறது, எப்படி வளர்கிறது, எதை நோக்கிப் போகிறது, மூன்றையும் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன்.

கேட்கிறது தம்பி, கேட்கிறது! கடைசி வரிசையிலிருந்து ‘பதினோரு மாதம்’ பாடச் சொல்லிக் கத்துகிறீர்கள். போகிற இடமெல்லாம் அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார்கள். பதினான்கு மாதங்களுக்கு முன்னால் அதை எல்லா இடத்திலிருந்தும் நானே எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தாய், எதற்கு எடுத்தாய், யார் மிரட்டி எடுத்தாய் என்று கேட்காதவர் இல்லை. அதற்குப் பதில் சொல்லாமல் இன்று இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன். கொஞ்சம் பொறுங்கள்.

பெருமக்களே! எனக்குப் பின்னால் நிறுவனம் இல்லை. எனக்கு முன்னால் பேர்பெற்ற குரு இல்லை. என் ஒலிப்பதிவுக்கூடம் எது தெரியுமா? என் வீட்டுத் துணி அலமாரி. கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் கம்பளியைத் தொங்கவிட்டு, தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே முகத்தை நுழைத்துப் பாடுவேன். முதல்முறை அதைப் பார்த்த என் அம்மா, “பாட்டுப் பாடுறியா, இல்ல சட்டையோட சண்டை போடுறியா?” என்று கேட்டார். அன்று தொடங்கி இன்றுவரை, நான் பாடும்போது அம்மா அடுப்படியில் பாத்திரத்தை அசைக்கமாட்டார். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் விருது.

சரி, பாட்டு எங்கிருந்து வருகிறது? மலையிலிருந்தா? மழையிலிருந்தா? நிலவிலிருந்தா? நான் பார்த்த நிலவெல்லாம் சலவைக்கூடத்துக் கூரையில் எரியும் குழல்விளக்குதான் ஐயா! மருத்துவமனைகளிலிருந்து வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்புகிற இடம் அது. அங்கே மடிக்கும் பிரிவில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இன்று காலையும் அங்கே நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

பெரிய விரிப்பை ஒருவர் மடிக்க முடியாது, தாய்மார்களுக்குத் தெரியும். இருவர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, எதிரெதிரே நின்று, இழுத்து உதற வேண்டும். நீளவாக்கில் மடிக்க வேண்டும். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, மூலையோடு மூலை சேர்த்துக் கைமாற்ற வேண்டும். மறுபடி விலக வேண்டும், மறுபடி நெருங்க வேண்டும். உதறு, மடி, நட, சேர்! உதறு, மடி, நட, சேர்! என் பாடல்களின் தாளம் என்ன தாளம் என்று இசை கற்றவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். அவர்களுக்கு என் வணக்கம். அது விரிப்பு மடிக்கிற தாளம்!

இயந்திரங்கள் இரையும் இடத்தில் தள்ளி நின்று பேசினால் ஒன்றும் கேட்காது. மூலை சேர்க்க நெருங்கும்போது மட்டும்தான் கேட்கும். அதனால் எங்கள் பேச்செல்லாம் ஒரு நடைக்கு ஒரு வரி. ஒருவர் ஒரு வரி சொல்வார், விலகுவோம். அந்த வரியை யோசித்துக்கொண்டே நடப்போம். நெருங்கும்போது அடுத்த வரி. என் பாட்டின் வரிகள் ஏன் சின்னதாக இருக்கின்றன, வரிக்கு வரி ஏன் இத்தனை இடைவெளி என்று கேட்டீர்களே, அதற்கும் இதுதான் விடை.

என் எதிரே நின்றவர் ஓர் அக்கா. அரை விரற்கடை பிசகினாலும் “மூலை! மூலையைப் பாரு!” என்று அதட்டுவார். அதனால் கூடம் முழுக்க அவருக்கு மூலை அக்கா என்றே பெயர். ஆறு ஆண்டுகள் நான் அதிகம் பார்த்த முகம் அவருடையது. என் அம்மா முகத்தைக்கூட அத்தனை முறை நான் நேருக்கு நேர் பார்த்ததில்லை.

இப்போது எழுதும் முறைக்கு வருகிறேன். என் தவறும் இங்கேதான் இருக்கிறது.

எனக்கு மெட்டு முதலில் வரும், சொல் பின்னால் வரும். சொல் வரும்வரை மெட்டு நிற்க வேண்டுமே? கட்டடத்தில் தளம் காயும்வரை முட்டுக் கொடுப்பார்களே, அப்படி வாய்க்கு வந்த சொற்களை முட்டாக நிறுத்துவேன். இதை முட்டுச்சொல் என்பேன். அர்த்தம் பார்க்கமாட்டேன், அளவுதான் பார்ப்பேன். நீங்கள் உருகி உருகிக் கேட்கும் என் காதல் பாட்டு ஒன்று மூன்று வாரம் எந்தச் சொல்லில் நின்றது தெரியுமா? “ரெண்டாம் நம்பர் மெஷின் ஒழுகுது, வாளியை வை!”

சிரிக்கிறீர்கள். அதைக் கேட்டு என் தம்பி மனைவி, “இதுவே நல்லாருக்கு அண்ணி, மாத்தாதீங்க” என்றாள். மாற்றினேன். தளம் காய்ந்ததும் முட்டுகளை உருவிவிட வேண்டும். உருவ மறந்தால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு முற்பகல். மூலை அக்கா தன் கணவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் அங்கே வேலைக்குச் சேரும் முன்பே இறந்துபோனவர் அவர். இதை இங்கே சொல்ல அக்காவிடம் கேட்டு, அவர் ‘சரி’ என்ற பிறகே சொல்கிறேன். ஒன்பது விரிப்பில் சொன்னார். பதினோரு மாதம் படுக்கை. தூக்கி உட்கார வைத்தது, துடைத்தது, புரட்டிப் படுக்க வைத்தது, ஊட்டியது, உமிழ்ந்ததை ஏந்தியது. இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கண் மூடியதில்லை. ஒன்பதாவது விரிப்பில், மூலை சேர்க்கும்போது சொன்னார்: “போயிட்டாருன்னு சொன்னாங்க. எனக்குத் தூக்கம் வந்துச்சு.”

விலகினோம். நடந்தோம். நெருங்கினோம். “அங்கேயே ஆஸ்பத்திரி பெஞ்சுல தூங்கிட்டேன். என்னை எழுப்பித்தான் அழச் சொன்னாங்க. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. எம் மககிட்டகூட.”

அடுத்த விரிப்பை எடுத்தோம்.

அந்த வாரம் எனக்கு ஒரு மெட்டு வந்தது. முட்டு வேண்டும். வாயில் வந்து நின்றது எது? அக்காவின் அந்த ஒரு வரி, ‘போயிட்டாருன்னு சொன்னாங்க, எனக்குத் தூக்கம் வந்துச்சு’! உண்மையில் அது தற்காலிகம்தான். மற்ற எல்லா வரிக்கும் புதுச்சொல் கிடைத்தது, அந்த ஒரு வரிக்கு மட்டும் எதை வைத்தாலும் பொருந்தவில்லை. எப்படிப் பொருந்தும்? அந்த மெட்டே அவர் பேச்சின் அளவில்தானே பிறந்தது! பதிவு செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றேன், மாற்றவில்லை. இசை சேர்க்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றேன், மாற்றவில்லை. வெளியிடும் முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வெளியிட்டேன்.

மறந்தேன் என்று சொல்லமாட்டேன். மறந்ததாக இருந்துகொண்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் என் மனசுக்குத் தெரியும்.

பாட்டு பறந்தது. எத்தனை கைப்பேசிகளில்! எத்தனை கண்ணீரில்! நோயாளியைப் பார்த்துக்கொண்ட மனைவிகள் எழுதினார்கள், மகன்கள் எழுதினார்கள். “எங்களை நாங்களே மன்னித்துக்கொண்டோம்” என்றார்கள். நான் பூரித்தேன். விரிப்பின் மறுமுனையில், எட்டு அடி தூரத்தில் நின்றவரை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை. விரிப்பை உதறினோம், மடித்தோம், நடந்தோம். மூலை சேர்த்தபோது அக்கா சொன்னார்: “அது நான் சொன்னது.”

விலகினோம். நெருங்கினோம்.

“எம் மக போன்ல போட்டுக் கேட்டுட்டிருந்தா.”

விலகினோம். நெருங்கினோம்.

“‘இப்படிக்கூட ஒருத்தி இருப்பாளாம்மா’ன்னு எங்கிட்ட கேட்டா. நான் தட்டைக் கழுவிட்டிருந்தேன். திரும்பல.”

“அக்கா, நான்...”

“மூலையைப் பாரு.”

மறுநாள் மேற்பார்வையாளரிடம் கேட்டு, கூடத்தின் அந்தக் கோடியில் வேறு ஒருவரோடு மடிக்கப் போய்விட்டார்.

அன்றே பாட்டை எடுத்தேன். ஒரு பெரிய நிறுவனம் வந்து, முப்பது வாத்தியத்தோடு மறுபடி பதிவு செய்வோம், ஆனால் அந்த வரி இருந்தாக வேண்டும் என்றது. அந்த வரி என்னுடையது இல்லை என்று எழுதி அனுப்பினேன். தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எடுத்த பொருளைத் திருப்பி வைப்பதற்குப் பெயர் தியாகமா? அதுவும் ஊர் முழுக்கக் கேட்ட பிறகு?

அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதி, கூடத்தில் அவர் உடைமை வைக்கும் பெட்டியில் வைத்தேன். மறுநாள் அது என் பெட்டியில் இருந்தது. படித்தாரா, தெரியாது. ஆனால் நான் மடித்ததைவிட ஒழுங்காக, மூலை பிசகாமல் மடித்திருந்தார். பெருமக்களே, நான் வாங்கிய விமர்சனங்களில் என்னை அழ வைத்தது அது ஒன்றுதான்.

பதின்மூன்று மாதங்கள். ஒரே கூடம், ஒரே இரைச்சல், ஒரு வார்த்தை இல்லை. அந்தக் காலத்தில் நான் ஒரு பாட்டும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் மெட்டு வரும். முட்டுச்சொல் வைக்கப் பயமாக இருக்கும்.

போன மாதம் ஒரு காலை, விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, துணைக்கு வருகிறவளுக்காகக் காத்திருந்தேன். மறுமுனையை ஒரு கை எடுத்தது. மூலை அக்கா!

உதறினோம். மடித்தோம். நடந்தோம்.

“எம் மககிட்ட சொல்லிட்டேன்.”

விலகினோம். நெருங்கினோம். “என்னன்னு அக்கா?”

“அது நான்தான்னு. அன்னைக்கு எனக்கு அழுகை வரலைன்னு.”

விலகினோம். அந்த எட்டு அடி எனக்கு எண்பது அடியாக இருந்தது. நெருங்கினோம். “அவ என்ன சொன்னா?”

அக்கா இந்த முறை விலகவில்லை. மூலையைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். “‘எனக்கும்தாம்மா’ன்னா. அன்னைக்கு அவளும் வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரைக்கும் தூங்கியிருக்கா. இத்தனை வருஷமா எங்கிட்ட மறைச்சிருக்கா. ‘இப்படிக்கூட ஒருத்தி இருப்பாளா’ன்னு அவ கேட்டது என்னை இல்லடி. அவளையேதான்.”

வேண்டாம், கைதட்டாதீர்கள்! கும்பிட்டுக் கேட்கிறேன், இந்த இடத்தில் கைதட்டாதீர்கள். தட்டினால் நான் செய்தது சரி என்று ஆகிவிடும். தாயும் மகளும் பேசிக்கொண்டார்கள் என்றால், அது அந்தத் தாயின் துணிச்சல். என் திருட்டின் பலன் இல்லை. அந்த மகள் வேறு விதமாகப் பதில் சொல்லியிருந்தால்? ஒரு வீடு உடைந்திருந்தால்? என் பாட்டு அதை ஒட்டவைக்குமா? உங்கள் கைதட்டல் ஒட்டவைக்குமா?

என் இலட்சியம் என்ன என்று கேட்டீர்கள். பெரிய அரங்கமா? பேரா? பட்டமா? என் இலட்சியம் எட்டு அடி நீளம்தான். நான் எழுதுகிற பாட்டில் யாருடைய மூச்சு இருக்கிறதோ, அவர் எதிரே நிற்க வேண்டும். மறுமுனையை அவர் பிடிக்க வேண்டும். அவர் காது கேட்காமல் ஊர் காது கேட்கக் கூடாது. அவர் ‘மூலை சரியில்லை’ என்றால், அந்தப் பாட்டு என் அலமாரியை விட்டு வெளியே வராது. தனித்து இயங்குகிறேன் என்று என்னை அழைத்தீர்கள். அந்தச் சொல்லை இன்று இந்த மேடையிலேயே இறக்கி வைக்கிறேன். தனியாக ஒரு விரிப்பைக்கூட மடிக்க முடியாதவள் நான்!

தம்பி, கடைசி வரிசைத் தம்பி, இப்போது பாடுகிறேன். அக்கா அனுமதி கொடுத்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு. “பேச்சுல அந்த வரியைச் சொல்லு, பரவால்ல. பாட்டுல அது என் இடம். அங்க நீ நிறுத்திக்க. எனக்குத் தோணுச்சுன்னா உட்கார்ந்த இடத்துல இருந்து நான் பாடுவேன். தோணலைன்னா சும்மா கிடக்கட்டும்.”

அக்கா இந்த அரங்கத்தில்தான் இருக்கிறார். எந்த வரிசை என்று தேடாதீர்கள். நீலச் சீருடைகளை எண்ணாதீர்கள். அந்த வரி உங்களுக்கெல்லாம் மனப்பாடம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடம் வரும்போது நீங்கள் அதை நிரப்பக் கூடாது, நானும் நிரப்பமாட்டேன். ஒரு நடை தூரம் காத்திருப்போம். குரல் வந்தால், யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். வராவிட்டால், அந்த அமைதியையும் பாட்டாகவே கேளுங்கள்.

இடம் தந்த தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட பெரியோருக்கும், தாய்மாருக்கும், என்னை அதட்டி வளர்த்த கைகளுக்கும் நன்றி கூறி வணங்குகிறேன்.

ஒலிபெருக்கி அண்ணா, என் குரலைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தால் அது கேட்க வேண்டும்.