படுத்துக்கிட்ட கோடு

அந்தப் படத்த மடிச்சு வைங்க சார், நான் சொல்றத மொதல்ல கேளுங்க. சேகரன்தானே ஒங்க பேரு? தெங்கேரா கவர்மெண்டு ஆபீசுலேருந்து வந்திருக்கீங்கன்னு தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி சொன்னாரு. இன்னும் எம்பது குடும்பத்த இந்தக் கம்பி வேலிக்குள்ள கொண்டாந்து போடலாம், தண்ணி தாங்கும்னு அந்தக் கோடு சொல்லுதுன்றீங்க. சரி லா. அந்தக் கோட்டுக்கு அளவெடுத்தவன் நாந்தான். மாயாண்டின்னு மூலையில போட்டிருக்கும் பாருங்க.

ஆமா, போன வருசம், அம்பத்தொண்ணுல. காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுக்காரனுங்களுக்கு நாங்க சோறு குடுத்துரக் கூடாதாம், அதுக்காகத் தோட்டத்து லயத்துல குடியிருந்தவங்க எல்லாத்தையும் இங்க கொண்டாந்து அடைக்கறதுக்கு முந்தி. ஒரு வெள்ளக்காரத் தொரை வந்தாரு. நல்ல மனுசன், பொய் சொல்லக் கூடாது. மேல மண்ணு, நடுவுல களி, அடியில மணலு. அடித்தண்ணிய எஞ்சின் வச்சு எறைச்சா, மேல உள்ள தண்ணி களி வழியா கசிஞ்சு எறங்குதான்னு பாக்கணும்னாரு. கசிஞ்சா மட்டம் ஒரு எடத்துல நின்னுரும், கோடு படுத்துக்கும், தண்ணி தாங்கும். கசியலன்னா எறங்கிக்கிட்டே போகும். பக்கத்துக் குழாயில, டேப்புல சாக்குக்கட்டி தேச்சு எறக்கி, நனைஞ்ச எடத்தப் பாத்து அரை மணிக்கு ஒருக்கா எழுதுறது என் வேல.

எங்க சார் தாங்குச்சு? குடி வந்து மூணே மாசம். சித்திரையில பம்பு வெறுங்காத்தக் கக்குச்சு. லாரித் தண்ணி வீட்டுக்கு ஒரு வாளி. எம் பொஞ்சாதி இருசம்மா, வேலிக்கு அடியில புகுந்து ஆத்துக்குப் போனா. கர்ஃபியூ நேரம். சோல்ஜர் சுட்டுட்டான். ஆமா, செத்துட்டா, நாலு மாசம் ஆச்சு. அட, நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க, உக்காருங்க. எனக்கு அழுகையே வர மாட்டேங்குது. மரத்துப் போச்சு.

தொரையத் திட்டாதீங்க, அவரு கணக்குல தப்பில்ல. எறைச்ச அன்னைக்கு, எங்கயோ லாரிய எரிச்சிட்டானுங்கன்னு ரெண்டு மணிக்கே கர்ஃபியூ போட்டுட்டாங்க. டவுனுக்குப் போன தொரை திரும்ப முடியல. எங்கள லயத்துக்குள்ள தள்ளிக் கதவச் சாத்திட்டாங்க. எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. காலையில போனா எண்ணெ தீந்து நின்னு கெடக்கு, தண்ணி பழையபடி ஏறிருச்சு. புத்தகத்துல சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் எட்டுக் கட்டம் காலி.

தோட்டத்துல ரப்பர் பால் நிறுக்கறப்ப கட்டம் காலியா இருந்தா கிராணி உண்டு இல்லன்னு ஆக்கிருவாரு. மேல உள்ள நம்பரையே கீழ எறக்கிருவோம். எல்லாரும் செய்யறதுதான். பதினஞ்சரை அடின்னு கடைசியா எழுதியிருந்தேன். எட்டுக் கட்டத்துலயும் பதினஞ்சரையே போட்டேன்.

தொரை அதப் பாத்துட்டு, கசியுது மாயாண்டின்னு என் கையப் புடிச்சுக் குலுக்குனாரு. நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போயி, இனிமே தண்ணிக்குக் கஷ்டமில்ல புள்ளன்னு அவகிட்டயும் சொன்னேன்.