ஆள் இருக்கும் வீடு

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களில் இன்சூரன்ஸ் பாலிசியைக் கடைசி வரி வரை படிப்பவன் அநேகமாக நான் ஒருவன்தான். உட்காருங்கள், சர்வேயர் சார். வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறீர்கள். நான் சொல்வதைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கொண்டால் உங்கள் வேலையும் சுலபமாகும்.

இதே இடத்தில் என் பழைய வீடு இருந்தது. சுவரெல்லாம் ஓதம், ஒயரெல்லாம் இற்றுப்போனவை. அது எரிந்தால் புதிதாகக் கட்டிக்கொள்ளக் கம்பெனி பணம் தரும். ஆனால் பூட்டியே கிடந்த வீடு எரிந்தால் சல்லிக்காசு கிடையாது. ஆள் குடியிருக்க வேண்டும். நியாயமான நிபந்தனைதான். என் வீடோ காலியாகக் கிடந்தது. அதனால் ஆள் தேடினேன்.

தையல்காரம்மா ஒருத்தி வந்தாள். தனியாள், சொல்லிக்கொள்ள ஒரு தங்கை மட்டும், அதுவும் ஊர்க்கோடியில். அட்வான்ஸ் வேண்டாம் என்று சொல்லி மாடியைக் கொடுத்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தக் காலத்துல யாருண்ணே இப்படிக் குடுப்பாங்க? வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்குன்னீங்களே, என் மெஷினும் அதுல சேருமா?"

"எல்லாம் சேரும்மா. நீ கவலைப்படாம தை."

சேராது. குடியிருப்பவரின் சாமானுக்கு வீட்டுக்காரன் பாலிசியில் இடமில்லை. பாவம், நிம்மதியாக இருக்கட்டுமே என்றுதான் சொன்னேன். அண்ணே என்று கூப்பிட்டவளிடம் முகத்தில் அடித்தாற்போல் பேச எனக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். அப்படி ஒரு ஞாயிறன்று படிக்கட்டுக்கு அடியில் இருந்த மெயின் போர்டைத் திறந்தேன். பக்கத்தில் அவளுடைய வெட்டுத்துணி மூட்டை. அதை அங்கே வைக்கச் சொன்னவனும் நான்தான். ஒயரைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது மாடியில் மெஷின் ஓடியது. அவள் போகவில்லை. யாரோ அவசரத் துணி கொடுத்திருக்க வேண்டும்.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் இறங்கி வந்து, என்னண்ணே பண்றீங்க என்பாள். என்ன பதில் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன்; ஒன்றும் தோன்றவில்லை. அதோடு, ஆள் உள்ளே இருக்கும்போது வீட்டுக்காரனே தீ வைப்பான் என்று யாருக்குத் தோன்றும்? உங்கள் கம்பெனிக்காரர்களுக்கே தோன்றவில்லை. வந்தவர் என் தோளைத் தட்டி, "மனசைத் தேத்திக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

பணம் வந்தது. இந்த வீட்டைக் கட்டினேன். மாடியில் யாரும் குடிவருவதற்கு முன்பே மெஷின் சத்தம் ஆரம்பித்துவிட்டது. ஓடுகிறவரை எனக்குத் தொந்தரவில்லை, பழகிவிட்டது. நின்றால்தான் பயமாக இருக்கிறது. நூல் அறுந்திருக்கும், கோத்துக்கொண்டிருப்பாள் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, மறுபடி ஓடுகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என் மனைவி எங்கள் மகள் வீட்டோடு போய்விட்டாள். "எனக்கு ஒரு சத்தமும் கேக்கலைங்க. உங்களைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு" என்றாள். மாடியை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களை நானே திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஒருத்தி இருக்கிற இடத்தில் இன்னொருவரை எப்படிக் குடிவைப்பது?

மாடி காலியாகக் கிடக்கிறது, பாலிசி செல்லாது என்று எழுதத்தானே பேனாவை எடுத்தீர்கள்? எழுதாதீர்கள், அது பொய். அன்று புகை ஏறியதும் அவள் ஓடிவந்து படிக்கட்டுக் கதவைத் தட்டினாள். அண்ணே, அண்ணே என்று என்னைத்தான் கூப்பிட்டாள், நான் அந்தப் பக்கமே நிற்பது தெரியாமல். அதற்கு முன்பே வெளித்தாழ்ப்பாளைப் போட்டிருந்தேன். தட்டுவது நிற்கும்வரை அதன்மேல் வைத்த கையை நான் எடுக்கவில்லை.

ஆகவே அவள் எங்கும் போகவில்லை, சார். ஆள் குடியிருக்கிறார் என்றே எழுதுங்கள். இன்றுவரை அவளிடம் நான் வாடகைகூடக் கேட்டதில்லை.