மொட்டைக்கம்பம்

காது குடுத்தா கதை, பராக்குப் பாத்தா காத்து. கேளுங்கப்பா.

நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்தி, நெடுங்கரடு பாளையத்துல அண்ணனுக்கும் தம்பிக்கும் பட்டத்துக்குச் சண்டை வந்துச்சாம். கோட்டை தம்பி கையில. அண்ணன் வெளியூர்ப் படையைக் கூட்டியாந்து கரட்டடியில எறங்கிட்டாராம்.

அந்தக் கோட்டைக் கிழக்கு வாசலுக்குக் கல்லு சொமந்தது பூராம் நம்ம கீழத்தெருச் சனம். கதவு மாட்டுன அன்னைக்கே, இனி இந்த வழி வரப்படாதுன்னுட்டாக. உள்ள வேலைக்கு வரணும்னா மதிலுக்கடியில சாக்கடைப் பொந்து. அதுல குனிஞ்சு வரணும். வந்தாக. குனிஞ்சு குனிஞ்சே வந்தாக.

நம்ம வகையறாவுக்கு மூத்தவரு சோணையன். அவருக்கு ஒரே ஆசை. சாகுறதுக்குள்ள ஒரு தடவை நிமிந்து அந்த வாசல்ல நொழையணும்.

சண்டை மூண்டப்ப, தம்பி படையில மொதல்ல நம்ம ஆளுகளுக்கு மம்பட்டியைத்தான் குடுத்தாகளாம். குழி வெட்டு, பொணத்தைப் பொதை. ஆளு கொறையக் கொறைய, ஈட்டியும் குடுத்தாக. ஆபத்துக்குப் பாவமில்லைல்ல. எல்லாப் படைக்கும் கொடி இருக்கே, எங்களுக்கும் ஒண்ணு வேணும்னு சோணையன் கேட்டாராம். படையை நடத்துன தளவாய் சிரிச்சாராம். "ஈட்டி குடுத்ததே பெருசு. ஒனக்குக் கொடி வேறயா?"

ஈட்டியை மட்டும் எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்துட்டாரு.

அந்தக் காலத்துப் படைக்கு ஒரு சட்டம். கொடி நிக்கிற வரைக்கும் நிக்கணும், கொடி சாஞ்சா திரும்பிரணும். அண்ணன் படை கொடிக்காரனாப் பாத்துப் பாத்து அடிச்சுச்சாம். மேலத்தெருக் கொடி சாஞ்சுச்சு, மேலத்தெரு ஓடுச்சு. வடக்குத்தெருக் கொடி சாஞ்சுச்சு, வடக்குத்தெரு ஓடுச்சு. தளவாய் கொடியும் சாஞ்சுச்சு, தளவாய் எல்லாருக்கும் முந்தி ஓடுனாரு. போற வழியில பாத்தா கீழத்தெரு அப்படியே நிக்கிது. கொடியெல்லாம் விழுந்துருச்சு, ஓடுங்கடாங்கிறாரு. சோணையன் திரும்பிக்கூடப் பாக்கலையாம்.

"எங்களுக்குத்தான் கொடியே இல்லையே சாமி. எது விழுந்துச்சுன்னு நாங்க ஓட?"

நின்னாக. விழுந்தவுக விழுந்தாக, மிச்சப் பேரு நின்னாக. சாய்க்கிறதுக்கு ஒரு கொடியைத் தேடித் தேடி அண்ணன் படை ஓஞ்சு போச்சு. பொழுது சாயுமுன்ன கரட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிருச்சாம்.

தம்பித் தொரை தன் சொந்தக் கொடியவே கொண்டாந்து குடுத்தாராம். பட்டுத்துணி, ரெண்டாளு ஒசர மூங்கில். சோணையன் முடிச்சை அவுத்து, பட்டைத் தொரை கையிலயே குடுத்துட்டாரு.

"துணி விழும், தொரை. எங்களுக்குக் கம்பு போதும்."

கம்பை நட்டமா நிமித்திப் புடிச்சாரு. தெருவே பின்னால வர, கிழக்கு வாசலுக்கு நடந்தாரு. காவக்காரன் பழக்கத்துல பொந்துப் பக்கம் கையைக் காட்டுனானாம்.

"இந்தக் கம்பு அதுல நொழையாதுப்பா."

காவக்காரன் தொரையைப் பாத்தான். தொரை ஒதுங்கி வழி விட்டாரு. நிமிந்து நொழைஞ்சாரு சோணையன். அவரு பின்னால அம்புட்டுச் சனமும் நிமிந்து நொழைஞ்சுச்சு.

அதான் இன்னைக்கும் பங்குனித் திருவிழாவுல, துணி கட்டாத நம்ம கம்பு அந்த வாசல்ல மொதல்ல போகும். அப்புறந்தான் சாமிக்கே கொடி ஏறும். அதை நட்டு வைக்கிற எடத்தைத்தான் பஸ்காரங்க மொட்டைக்கம்பம்னு சொல்லி எறக்கிவிடுறாக.

அந்தப் பொந்தை மறுநாளே கல்லு வச்சு அடைச்சாக. அந்தக் கல்லையும் நாமதான் சொமந்தோம். அது ஒண்ணுதான் கனக்கவே இல்லைன்னு சொல்லுவாக.