விரிவுரையாளர் நவமணிக்கு நாங்கள் தேடிய சொல்

சொல்லின் வேர் தேடிச் சோராது நடந்த சொற்செல்வமே! பினாங்குத் தீவு பெற்ற பைந்தமிழ்ப் பெட்டகமே! மாணவர் மனங்களில் மாசறு மொழியை விதைத்த மாண்பாளரே! எங்கள் மொழித்துறையின் மூத்த விரிவுரையாளர், முனைவர் நவமணி அம்மையாரே! வணக்கம்.

இந்த இடத்திலேயே "போதும்லா, இவ்வளவு அடைமொழி எதுக்கு?" என்று இந்தப் பிரியாவிடை விழாவின் முன்வரிசையில் முணுமுணுப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா.

சென்ற வாரம் நூலகத்தில் ஓய்வுபெற்றோருக்கான அட்டையை வாங்கினீர்கள். உங்கள் பெயருக்குக் கீழே மலாயில் 'பெக்காஸ் பென்ஷாரா' என்று அச்சிட்டிருந்தது. முன்னாள் விரிவுரையாளர் என்று பொருள். "சரிதான், நானும் முன்னாள் ஆளாயிட்டேன்லா" என்று சிரித்தீர்கள். சிரித்த முகம் சட்டென வாடியதை உடன் வந்த நம் துறையின் ஹனாவும் பஷீரும் கண்டார்கள். காலமெல்லாம் சொற்களுக்குப் பொருள் சொன்னவரை ஒரு சொல் வாட்டிவிட்டது. அந்தச் சொல்லோடு உங்களை டத்தோ கிராமாட்டில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. அதற்கு ஈடாக வேறொரு சொல் தேடக் கிளம்பினோம்.

இந்த மடலில் 'பேராசிரியர்' என்று எழுதிவிடலாம் என்றார் பஷீர். அந்தப் பதவியை உங்களுக்குத் தராமலே காலம் கடத்திவிட்டார்கள்; அந்த வருத்தம் உங்களைவிட எங்களுக்கு அதிகம். ஆனாலும் வாங்காத பட்டத்தைச் சூட்டினால் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள் என்று அஞ்சினோம்.

வெறும் 'ஆசிரியர்' என்று எழுதவோ அதைவிடப் பயம்! ஆசிரியர் தின மேடையில் நம் புவனேஸ்வரன், 'ஆசு என்றால் குற்றம், அதை இரிய, அதாவது விலகி ஓடச் செய்பவர் ஆசிரியர்' என்று முழங்கிக் கைதட்டல் அள்ளினாரே, நினைவிருக்கிறதா? அடுத்துப் பேச வந்த நீங்கள், "அழகாத்தான் இருக்கு சார், ஆனா ஆதாரம் இல்லலா. ஆசாரியர்ங்கிற வடசொல்லுதான் இப்படி ஆச்சு" என்றீர்கள். அன்று மதியம் கேன்டீனில் அவருக்கு ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தவரும் நீங்கள்தான்.

எத்தனை சொற்கள், எத்தனை சிரிப்புகள்! 'டீன்' என்ற சொல்லுக்குப் பத்துப் பேருக்குத் தலைவர் என்பதே பழைய பொருள் என்று டீனிடமே சொன்னீர்கள். பதினோராவது ஆள் யார் என்று அவர் எங்களை எண்ணத் தொடங்கிவிட்டார். 'லெக்சரர்' என்பதன் வேர் வாசித்தல் என்றீர்கள். திரையில் உள்ளதை அப்படியே வாசித்துவிட்டுப் போகும் எங்களில் சிலர் வேரை மறக்காதவர்கள் என்று வாரினீர்கள். மழை கொட்டும் பிற்பகல்களில், ஆறிப்போன தே தாரிக் தேநீரோடு, அந்தப் பழைய ஆசிரியர் அறையில் நாம் சிரித்த சிரிப்பை இனி எங்கே போய்த் தேடுவோம்?

அரபு மொழியின் 'ஷர்ஹ்', விரித்து விளக்குதல், மலாய்க்கு வந்து 'பென்ஷாரா' ஆனது. நம் விரிவுரையாளரும் விரித்து உரைப்பவரே என்று ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் சொல்வீர்கள். இரண்டு மொழிகள் தனித்தனியே நடந்து ஒரே இடத்தில் சந்தித்த மகிழ்ச்சி ஒவ்வோர் ஆண்டும் உங்கள் குரலில் புதிதாக இருக்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவிட்டு வகுப்புக்கு வந்த மாணவி ஷர்மினி மேசையில் சாய்ந்து உறங்கியபோது, எழுப்பப் போன தோழியைத் தடுத்து, "தூங்கட்டும்லா, சொல்லு எங்கயும் ஓடிப்போகாது" என்றீர்கள். மாலையில் அவளுக்காக மட்டும் அந்தப் பாடத்தை மறுபடி விரித்தீர்கள். விரிவுரை என்ற சொல்லின் முழுப் பொருளை நாங்கள் அன்றுதான் உணர்ந்தோம்.

சொல் கிடைக்காமல் நாங்கள் திண்டாடியபோது, மலாய் கற்பிக்கும் நம் ஹனா தம் கொஞ்சு தமிழில் கேட்டார்: "ஏன் வேற சொல்லு? பெக்காஸ் நல்ல சொல்லுதானே!" பிறகு அவரே விளக்கினார். பாசார் கடையில் கறி வாங்கிவரும் பாத்திரமும் பெக்காஸ். காயம் ஆறிய பின் தோலில் நிற்கும் தழும்பும் பெக்காஸ். ஈரச் சுவரில் கைபட்டால் பதிகிற தடமும் பெக்காஸ். போய்விட்டதைச் சொல்லும் சொல்லே, பதிந்து நிற்பதையும் சொல்கிறது. கேட்டதும் பஷீர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நாங்களும்தான்.

அம்மா, நோய்நொடி அண்டாமல், நடை தளராமல், நகைச்சுவை குன்றாமல், நெடுங்காலம் நீங்கள் நிறைவோடு வாழ வேண்டும்! உங்களைப் பிரிவது எங்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. அதை மறைக்க எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த அட்டையை வீசிவிடாதீர்கள். 'பெக்காஸ் பென்ஷாரா' என்பதை 'விரிவுரையாளரின் தடம்' என்றும் படிக்கலாமாம். அப்படிப் படித்தால் அது உங்களைக் குறிக்கவில்லை, உங்கள் தடம் பதிந்த எங்களைக் குறிக்கிறது.

இங்ஙனம்,
உங்கள் பெக்காஸ்,
மொழித்துறை விரிவுரையாளர்களும் பணியாளர்களும்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.