மணிக்கு ஒரு சொட்டு

என் மனைவி தீபா பூஜை செய்யாமல் ஒருநாளும் வேலைக்குக் கிளம்பியதில்லை, சார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் எங்களுக்கு ஒரு சின்ன பூஜை அலமாரி. அதில் ஒரு செம்பு. ஞாயிற்றுக்கிழமை இந்திராயணி ஆற்றில் நான் மொண்டு வருவேன். வாரம் முழுக்க அதுதான் தீர்த்தம். விரலால் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு பாணேரில் இருக்கும் ஆபீசுக்குப் போவாள்.

முன்பு கண்ணாடி போட்டிருந்தாள். இரண்டு முறை என் கையால் உடைந்தது. முகத்தில் இருக்கும்போதுதான். பிறகு லென்ஸுக்கு மாறினாள்.

ஜூலையில் வலது கண் சிவந்தது. வெளிச்சம் பட்டால் கத்தினாள். டாக்டரம்மா இந்தியில் கேட்டார். லென்ஸோடு குளித்தீர்களா, நீச்சல் குளமா, குழாய்த் தண்ணீரில் கழுவினீர்களா? தண்ணீரே படவில்லை என்றாள் தீபா. பொய் சொல்லவில்லை. தீர்த்தத்தை அவள் தண்ணீராக நினைத்ததே இல்லை.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சொல்லவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் அவள் பாணேரில் தனியாக ஒரு அறை பார்த்திருந்தாள். சாவியை அவள் பையில் பார்த்தேன்.

வைரஸ் என்று மூன்று வாரம் மருந்து கொடுத்தார்கள். தினமும் காலையில் நானே தீர்த்தம் ஒற்றிவிட்டேன். கைகூப்பி வாங்கிக்கொண்டாள்.

பிறகு கருவிழியைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். அமீபாவாம். தண்ணீரில் வாழ்வது, கண்ணுக்கு வருவது அபூர்வம் என்றார் டாக்டரம்மா. இன்னும் காப்பாற்றலாம், மணிக்கு ஒரு சொட்டு, இரவும் பகலும், தவறக் கூடாது என்றார்.

நான் லீவு போட்டேன். மருந்தை சிங்கில் ஊற்றிவிட்டு, பாட்டிலைச் செம்பிலிருந்து நிரப்பினேன். ஒரு மணி தவறவில்லை. அவள் தலையை என் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு இமையைப் பிரிப்பேன்.

"மெதுவாப் புடிங்க. உயிர் போவுது."

"அசையாத. பாணேர்ல உனக்கு யாருடி சொட்டு ஊத்துவா?"

"யாரும் வேணாம். குடுங்க, நானே ஊத்திக்கிறேன்."

பாட்டிலைப் பிடுங்கினாள். அடித்தேன். இடது பக்கம்தான். நோய்க் கண்ணில் அடிக்கிறவன் இல்லை நான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எஸ்தர் நம் ஊர்ப் பெண். "ஜம்பு அண்ணன் மாதிரி ஒருத்தர் எனக்குக் கிடைச்சா போதும், தீபாக்கா" என்று என்னைக் காட்டிக் கேலி செய்வாள். தீபா சிரித்ததில்லை.

கருவிழி முதலில் வெள்ளையானது. பிறகு ஓட்டை விழுந்தது. செப்டம்பரில் கண்ணையே எடுத்துவிட்டார்கள். பாட்டிலில் மிச்சமிருந்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியது டாக்டரம்மா. அதில் மருந்தே இல்லை என்று உங்களிடம் வந்த அறிக்கை சரி. அதைச் செய்தது நான்தான்.

நேற்றிலிருந்து இடது கண்ணும் சிவந்திருப்பதாகச் சொன்னீர்கள். எஸ்தருக்கு ஆயிரம் வேலை இருக்கும். மணி தவறாமல் பக்கத்தில் இருக்க தீபாவுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை, சார். என்னை எப்போது அனுப்புவீர்கள்?