தம்பியின் வெள்ளைக்காரத் தமிழ்

லேக் கார்டன்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். வங்காளிகள் நிறைந்த ரயிலில் தமிழ் கேட்டதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"பொய் சொன்னப்புறம்தான் தம்பி பேசினான்க்கா," என்றாள் இளையவள்.

"என்னடி உளர்றே?"

"அவனுக்குத்தான் பேச்சு வராதே, டைப் அடிச்சா கம்ப்யூட்டர்தானே பேசும். பழைய கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. அந்த சாஃப்ட்வேர் புதுசுல ஓடவே இல்ல. எர்ரர் மேல எர்ரர்."

"இப்பத்தான் நல்ல தமிழ்க் குரலே வந்திருக்காமே?"

"போட்டோமே. நியூஸ் வாசிக்கிற மாதிரி சுத்தமாப் பேசிச்சு. அம்மா சமையல்கட்டுலேர்ந்து ஓடி வந்து, யாரு வந்திருக்காங்கன்னு கேட்டா. அதோட அவன் டைப் அடிக்கறதையே விட்டுட்டான்."

"ஐயோ. அப்புறம்?"

"கீழ் ஃபிளாட் வங்காளி மாமி, அந்த மாஷிமா வந்தாங்க. செட்டிங்ல என்னமோ மாத்தி, 'நீ இன்னும் பழைய கம்ப்யூட்டர்லதான் இருக்கே'ன்னு அந்த சாஃப்ட்வேரையே நம்பவச்சுட்டாங்க!"

"நம்பிடுச்சா?"

"நம்பிடுச்சுக்கா! இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிச்சா, அந்தப் பழைய இங்கிலீஷ் குரல் கடிச்சுத் துப்புமே, அதே வெள்ளைக்காரத் தமிழ். 'அம்மா, பசிக்குது'ன்னான்."

பெரியவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா என்ன செஞ்சா?"

"திரும்பிக்கூடப் பார்க்கல. 'இருடா, தோசை வேகணுமில்ல'ன்னா."